சிமாகியின் பத்தியம்

ஆறு வாரம் பத்தியம் இருந்தும் ரத்தத்தில் தைராய்டு அளவு இறங்கவில்லை, இன்னும் ஏறித்தான் இருக்கிறது என்று ஹதானோ டாக்டரம்மா சொன்ன நிமிஷமே நான் முடிவு கட்டிவிட்டேன், வீட்டுக்குள் யாரோ திருட்டுத்தனம் செய்கிறார்கள் என்று. யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. என் புருஷன்தான்.

சிமாகி மேஜைமேல் கூடைக்குள் இருந்தாள். பதினாறு வயதுப் பூனை. வசந்த காலத்தில் நாலு கிலோவுக்கு மேல் இருந்தவள், அன்றைக்கு இரண்டரை. டாக்டரம்மா அவள் மார்பில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது. எலும்புக்கூட்டுக்குள் ஒரு குருவியைப் பிடித்துப் போட்டதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

"தாசுகோம்மா, இதுக்கு மேல எங்கிட்ட வேற வழி இல்ல. பத்தியம் ஒண்ணுதான் பாக்கி. அதுல எங்கேயோ ஓட்டை இருக்கு. இன்னும் நாலு வாரம் பாப்போம். அப்பவும் இறங்கலேன்னா, அவ கஷ்டப்படாம இருக்கறதுக்கு மட்டும்தான் என்னால மருந்து குடுக்க முடியும்."

நான் பதில் பேசவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம்.

எல்லாம் ஆரம்பித்தபோது எங்களுக்கு அது நோயாகவே தெரியவில்லை. சிமாகி பேய்ப்பசியாகத் தின்றாள். மாடிப்படியில் குட்டி மாதிரி ஏறி இறங்கினாள். விடியற்காலையில் ஊரைக் கூட்டினாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இந்த வயதில் என்ன சுறுசுறுப்பு என்றார்கள், நானும் என்னவோ நானே பெற்றது மாதிரி பூரித்துப்போனேன். தின்றது எங்கே போகிறது என்று ஒருத்தராவது கேட்டோமா? முதுகெலும்பு விரலில் இடறியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி கட்டுமீறி வேலை செய்கிறது, வயதான பூனைகளுக்கு இது சகஜம், அணைக்க மறந்த அடுப்பு மாதிரி உடம்பு தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நான்குக்குள் இருக்க வேண்டிய அளவு பதினொன்று இருந்தது.

மாத்திரை கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் நன்றாக இறங்கியது. மூன்றாவது வாரம் மூஞ்சியை ரத்தம் வரப் பிராண்டிக்கொண்டாள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, இந்த மாத்திரை இவளுக்கு ஆகாது என்று நிறுத்தியாயிற்று. அறுவை செய்யலாமா என்றால், மயக்க மருந்தை அந்த இதயம் தாங்காது. கதிர்வீச்சு மருந்து கொடுக்கிற வழி வெளிநாட்டில் உண்டாம், எங்கள் பக்கம் கிடையாது. கடைசியில் மிஞ்சியது பத்தியச் சாப்பாடு. அயோடினை எடுத்துவிட்டுச் செய்த டின் உணவு. அயோடின் கிடைக்காவிட்டால் சுரப்பிக்குத் தீனி இல்லை, தானாக அடங்கிவிடும். ஆனால் அதைத் தவிர வேறெதுவும், ஒரு பருக்கைகூட, வாயில் படக் கூடாது.

இதில் கொடுமை என்னவென்றால் எங்கள் பிழைப்பே கடற்பாசி. சுருகா ஊரில் மூன்று தலைமுறையாகக் கடற்பாசியைக் காடியில் ஊறவைத்து, மெல்லிசாகச் சீவி விற்கிற வீடு. பாசியில் இருக்கிற அளவு அயோடின் வேறு எந்தச் சாப்பாட்டிலும் கிடையாது. டாக்டரம்மா உள்ளூர்க்காரர், எங்கள் கடையில் வாங்கித் தின்று வளர்ந்தவர். பூனையைப் பட்டறைக்குள் விடவே விடாதீர்கள், ஒரு துணுக்கு போதும், ஒரு வாரப் பத்தியம் பாழ் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தப் பட்டறையில்தான் சிமாகி பதினாறு வருஷமும் வாழ்ந்தாள். என் புருஷன் இவாவோ பாசியைக் காலால் மிதித்துப் பிடித்துக் கத்தியால் சீவிக்கொண்டிருப்பார், அவர் முழங்காலை ஒட்டி அவளுக்கு ஒரு மெத்தை. ஓரத்துத் துணுக்கைக் கிள்ளி அவளுக்குப் போடுவார். இவாவோ வீட்டோடு மாப்பிள்ளை. என் அப்பா தேர்ந்தெடுத்து, எங்கள் குடும்பப் பெயரையே கொடுத்து வைத்துக்கொண்டவர். முப்பத்தோரு வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் நான் ஒரு மாதத்தில் பேசுகிறது வராது. அவர் பேசினதில் பாதி பூனையோடு.

பத்தியம் தொடங்கிய அன்றே, வேலை நேரம் போகப் பட்டறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். டின்களை அலமாரியில் வைத்து அதற்கும் ஒரு பூட்டு. சிமாகிக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு நான்கு வேளையும் நான்தான் ஊட்டுவேன் என்று அறிவித்தேன். சொன்னபடியே செய்தேன். நான் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பசியில் கூரையைப் பெயர்ப்பாள். போட்டது போட்டபடி எழுந்து ஓடுவேன். தட்டில் வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு அறை முழுக்க நடப்பாள், அதனால் மடியில் இறுக்கிப் பிடித்து, கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, விரலால் ஊட்டுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். அப்படிக் காத்தும் அளவு ஏறுகிறது என்றால்?

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். பொட்டலம் கட்ட வருகிற நொபுயேயும் இருந்தாள். மழைக்காக நின்றிருந்தாள் பாவம். அவளுக்கு முன்னால் இது வேண்டாம் என்று ஒரு நல்ல பெண்பிள்ளை யோசித்திருப்பாள். நான் யோசிக்கவில்லை.

"ஏங்க, நீங்க என்ன குடுக்கறீங்க அவளுக்கு?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கொடுக்கவில்லை என்றார்.

"பன்னண்டுக்கு ஏறியிருக்கு. காத்துலயா வந்துது? உங்களுக்குத்தான் மனசு கேக்காதே. ஓரத்த கிள்ளிப் போட்டுப் போட்டு அவள குழியில தள்ளிட்டீங்க."

"நான் குடுக்கல, தாசுகோ."

"இது எங்க அப்பா வீடு. இந்த வீட்டு உப்பத் தின்னுட்டு எம்மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லாதீங்க."

நொபுயே சோற்றுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவாவோ சாப்பிடுகிற குச்சிகளைச் சேர்த்து ஓரமாக வைத்தார். எழுந்து, தன் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துப் படி வழியாகப் பட்டறை மாடிக்குப் போய்விட்டார். மீன் அப்படியே ஆறிப்போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நொபுயேயிடம் சொன்னேன். அவள் மழையிலேயே கிளம்பிவிட்டாள்.

அடுத்த மூன்று வாரமும் நான் போலீஸ்காரி ஆனேன். பட்டறைக் கதவுக்கு முன்னால் தரையில் மாவு தூவிவைத்தேன், பூனைக் கால் பதிகிறதா என்று பார்க்க. ஒரு தடயமும் இல்லை. அப்படியானால் பையில் போட்டுக் கொண்டுவருகிறார் என்று அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒரு கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி. அவர் சீவி முடித்ததும் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். வந்தாலும் சிமாகியைத் தொடுவதில்லை. அவள் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வருவாள், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஊமைக் கோட்டான், நடிப்பைப் பார் என்று மனசுக்குள் திட்டுவேன். மனசுக்குள் என்ன, வாய்விட்டே திட்டுவேன்.

அவள் உருகிக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. ரோமம் எண்ணெய் பிசுக்காகக் கூர் கூராக ஒட்டிக் கிடந்தது. நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருந்தாள், சுத்தமாகவே இல்லை. நான் அவள் மார்பில் விரல் வைத்து எண்ணுவேன், எண்ணிக்கை விரலை முந்திக்கொண்டு ஓடும். ஊட்டுகிற வேளையை நாலிலிருந்து ஐந்தாக்கினேன், ஆறாக்கினேன். வேலையை விட்டுவிட்டு ஓடி ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டேன். செத்துப்போகாதேடி, என்னிடம் சொல்லாமல் போகாதேடி என்று அவள் காதில் கெஞ்சினேன். நான் கெஞ்சிய ஒரே ஜீவன் அவள்தான்.

கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது அப்பாவின் பதின்மூன்றாம் வருஷ நினைவு நாள் வந்தது. பத்து மணிக்குக் கோவிலில் குருக்கள் காத்திருப்பார். உறவுக்காரர்கள் நேராக அங்கே வந்துவிடுவார்கள். கடைக்கு அன்று விடுமுறை. காலையில் எழுந்ததும், வேலைக்குக் கட்டுகிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குக் கொடுக்க வேண்டிய பொட்டலங்களைக் கட்டினேன். நடுவில் ஓடி வந்து சிமாகிக்கு ஊட்டினேன். பிறகு ஏப்ரனை அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டு, கறுப்புக் கிமோனோவைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

சிமாகி தள்ளாடி வந்து என் காலில் முதுகை உரசினாள். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். குனிந்து பார்த்தால் கறுப்புப் பட்டில் முழங்கால் அளவுக்கு வெளுப்பாக ஒரு கோடு. முடி என்று நினைத்துத் தட்டினேன். முடி இல்லை, மாவு. கதவுக்கு முன் தூவினேனே அந்த மாவோ என்று விரலால் தொட்டேன். ஈர விரலில் அது பிசுபிசுவென்று வழவழப்பாயிற்று. கோதுமை மாவு அப்படி வழவழக்காது. நாக்கில் வைத்தேன்.

பாசி.

எனக்கு உச்சி மண்டை வரை ஏறியது. சிமாகியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கிமோனோவை மறு கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன். இவாவோ கறுப்பு உடையில், கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு பட்டறைப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"பாருங்க. உடம்பு பூரா பாசித் தூள். மாடியில வெச்சுக் கொஞ்சறீங்களா? இதுக்கு மேலயும் இல்லேம்பீங்களா?"

அவர் என் கிமோனோவைப் பார்த்தார். சிமாகியின் முதுகில் விரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். நான் கத்திக்கொண்டே பின்னால் போனேன். அடுக்களை ஆணியில் தொங்கிய என் ஏப்ரனை எடுத்தார். நினைவு நாளுக்காக எடுத்து வைத்திருந்த கறுப்பு அரக்குத் தட்டின்மேல் பிடித்து ஒரே ஒரு உதறு உதறினார்.

தட்டு சாம்பல் பூத்துப்போயிற்று.

சீவுகிறவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காடி நாற்றம் சோற்றில் ஏறும் என்பதற்காக வந்த சட்டம் அது. பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. எங்களிடம் வருவது நன்றாகக் காய்ந்து வெளுத்த துருவல், அதில் நாற்றம் இல்லை. தூளைப் பற்றி யாரும் நினைத்ததே இல்லை. எங்களுக்குப் பாசி என்றால் நிறுத்து விற்கிறது. காற்றில் மிதப்பதும் துணியில் ஒட்டுவதும் பாசி என்று மூன்று தலைமுறையில் யாருக்கும் தோன்றவில்லை. நாள் முழுக்க அதை மூச்சாக இழுக்கிறவளுக்கு அது கண்ணில் படுமா? அந்த ஏப்ரனோடுதான் ஒரு நாளைக்கு ஆறு தடவை அவளை மடியில் இறுக்கினேன். ரோமத்தில் ஒட்டின தூளை அவள் நக்கி நக்கித் தின்றாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி, மேய்ந்ததோடு நிற்காமல் அடுத்த வீட்டு மாட்டையும் அடித்தது.

"நீயா இருக்கும்னு எனக்கும் தோணலம்மா," என்றார் இவாவோ. அவர் முகம் வெளுத்திருந்தது. "தோணியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சிமாகி என் கையிலிருந்து குதித்தாள். நேராக நடந்துபோய் மேஜைக் காலில் முட்டிக்கொண்டாள். பின்வாங்கி, மறுபடி நடந்து, மறுபடி அதே காலில் முட்டினாள். இவாவோ மண்டியிட்டு அவள் முகத்தைத் திருப்பினார். பளீரென்ற காலை வெளிச்சத்திலும் இரண்டு கண்மணியும் விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அவர் கையை முகத்துக்கு முன் ஆட்டினார். இமை அசையவில்லை.

குருக்களும் உறவும் கோவிலில் காத்திருக்கட்டும், அப்பாவே காத்திருக்கட்டும் என்று வண்டியில் ஏறினோம். இவாவோ ஓட்டினார். அப்பாவின் நாளுக்கு வைத்திருந்த புது வெள்ளைத் துணியில் அவளைச் சுற்றி, என் உடம்பில் படாமல் இரண்டு கையாலும் எட்டத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

ரத்த அழுத்தம் எகிறிக் கண்ணுக்குள் திரை கழன்றுவிட்டது என்றார் டாக்டரம்மா. அழுத்தத்துக்கு உடனே மாத்திரை கொடுத்தார். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நான் ஏப்ரன் கதையைச் சொன்னேன். அவர் குழலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கும் தோன்றவில்லையே என்றார். பிறகு அவரும் செவிலிப் பெண்ணுமாக ஈரத் துணியால் சிமாகியை மூன்று தடவை துடைத்தார்கள். கெடுவை இன்றிலிருந்து ஐந்து வாரம் என்று மாற்றிக்கொள்வோம், அதுவரை இதயம் தாங்கினால் பார்க்கலாம் என்றார்.

தெருப் பக்கத்து மாடி அறையைக் கழுவி, பாயை மாற்றி, சிமாகியை அங்கே வைத்தோம். அந்த அறைக்குப் போகிறவர்கள் குளித்துத் தலைமுழுகி, அங்கேயே வைத்திருக்கிற துணியைத்தான் உடுத்த வேண்டும். டாக்டரம்மா கொடுத்த வாசனையில்லாத சோப்பால் நான் நகத்தடியைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. முதல் நாள் ராத்திரி ஊட்டப் போனேன். கையை நீட்டினதும் சிமாகி காதை மடக்கிச் சீறினாள். என்னைப் பார்த்து! பதினாறு வருஷம் என் கை நுனியை முகர்ந்து வந்தவள்.

யாரோ அந்நியர் என்று நினைக்கிறாள், இத்தனை வருஷமும் உன் வாசனையே பாசிதானே என்றார் இவாவோ. அது உண்மைதான். கண் போய்விட்டது, வாசனையும் போய்விட்டது. அவர் எப்போதும் குளித்த உடம்போடு வீட்டுக்குள் வருகிறவர், அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அவர் மடியில் ஏறிச் சாப்பிட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் அப்படியே. வாரங்களும் அப்படியே போயின.

அந்த ஐந்து வாரமும் நான் வீட்டில் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த எந்த முகத்தை வைத்துக்கொண்டு உயர்த்துவேன்? நொபுயேகூட, உடம்புக்கு ஏதாவதா அக்கா என்று கேட்டாள். இவாவோவின் மெத்தை இன்னும் பட்டறை மாடியில்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிடும். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது, எந்தப் பக்கமாகத் திறப்பது என்றே அதற்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தார். மூன்று புள்ளி எட்டு. எடை முந்நூறு கிராம் கூடியிருக்கிறது. இதயம் நிதானத்துக்கு வந்திருக்கிறது. கண்தான் இனி வராது.

நான் போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு குளித்தேன், துணி மாற்றினேன், மாடிக்குப் போனேன். இவாவோ சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிமாகி அறை நடுவில் படுத்திருந்தாள். அளவைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பாயில் உட்கார்ந்து கையை நீட்டி, சிமாகி, சிமாகி என்று தேன் குழைத்துக் கூப்பிட்டேன். அவள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

"அது உன் குரலே இல்ல," என்றார் இவாவோ. "அஞ்சு வாரமா இந்த வீட்டுல உன் சத்தமே கேக்கல, அவளுக்கு எப்படித் தெரியும்? எப்பவும் திட்டுவியே, அப்படித் திட்டு."

"யாரத் திட்ட?"

"என்னத்தான்."

நான் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். மூச்சை இழுத்து, திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். கடை வாசல்வரை கேட்கிற என் பழைய தொண்டை அப்படியே வந்தது, ஆனால் அதில் வந்த வார்த்தை வேறு.

"நீங்க ஒண்ணும் பண்ணல! கேக்குதா? எல்லாம் பண்ணினது நான்! அந்த நொபுயே முன்னாடி உங்களப் பொய்யன்னு சொன்னேன், எங்கப்பா வீடுன்னு சொன்னேன், நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டீங்களா? என்ன மனுஷன் நீங்க! மெத்தையத் தூக்கிட்டுப் போனா ஆச்சா? இது உங்க வீடு! இன்னிக்கே கொண்டாந்து போடுங்க! என்ன மன்னிச்சுடுங்க, தெரியுதா!"

தெருவில் யாரோ நின்று மேலே பார்த்தது சன்னல் வழியாகத் தெரிந்தது. இவாவோ என் பின்னால் கையைக் காட்டினார். சிமாகி காதை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தரையைத் தொட்டுப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள். என் முழங்காலில் இடித்து நின்றாள், ஏறி மடியில் படுத்தாள்.

நிறுத்தாதே, பேசு, பேசிக்கொண்டே இரு என்று இவாவோ ஜாடை காட்டினார். பேசினேன்.